கவிழ்த்து வைத்த கைப்பேசி

அன்பு மகளுக்கு,

உன் வீட்டில் நான் தங்கியிருந்த நான்கு நாளும் உன் கைப்பேசி மேஜைமேல் கவிழ்ந்தே கிடந்தது. செய்தி வரும் ஓசை கேட்டபோதெல்லாம் உன் முகம் வாடியதைப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை, தலைவலி, வேலை அதிகம் என்றாய். மேற்கொண்டு கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் ஊர் திரும்பிவிட்டேன். உனக்குக் கடன் தொல்லை இருக்கிறது என்று என் மனம் சொல்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ எட்டாம் வகுப்பு படித்தபோது எனக்கு மூன்று இடங்களில் கடன் இருந்தது. உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. வந்த கடிதங்களைப் பிரிக்காமல் அலமாரியின் மேல்தட்டில், துணிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அந்த வருடம் உன் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டேன், ஒரு எண்ணைக்கூடப் படிக்காமல். கணக்கில் நீதான் முதலிடம் என்பது, ஒரு வாரம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்கு எப்போதும் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லையம்மா. நீ சொல்வது எதுவும் தலைக்குள் ஏறவில்லை, அவ்வளவுதான்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்பது பிறகு புரிந்தது. 2013-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளைப் பற்றியது. அறுவடைக்கு முன், கையில் காசில்லாத காலத்தில் அவர்களுக்குச் சிந்தனைத் திறன் சோதனைகள் வைத்தார்கள்; அறுவடை முடிந்து பணம் வந்தபின் மறுபடியும் வைத்தார்கள். அதே ஆட்கள்தான். பணமில்லாதபோது தடுமாறியவர்கள், பணம் வந்தபின் தெளிவாகச் செய்தார்கள். அதைப் படித்தபோது அந்த மதிப்பெண் அட்டைதான் நினைவுக்கு வந்தது. உன்னையே நீ சோம்பேறி, மறதிக்காரி என்று திட்டிக்கொள்கிறாயே, அதை முதலில் நிறுத்து.

உடம்பும் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஆபத்து நேரத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோன் சுரப்பது நம்மைக் காக்கத்தான். ஆனால் கடன் தவணை மாதம் தவறாமல் வருவது. அந்தப் பதற்றம் நாள்தோறும் நீடித்தால் தூக்கம் கெடும், இரத்த அழுத்தம் ஏறும். களைத்துப்போன மனம் உடனடி ஆறுதலைத் தேடும். இரவு பதினொன்றரைக்கு நீ எதையாவது வாங்குவது அதனால்தான் என்று நினைக்கிறேன். உன் கட்டிலுக்கு அடியில் பிரிக்காத பெட்டிகள் நான்கு இருந்தன. என் பிரிக்காத கடிதங்களும் அப்படித்தான் இருந்தன. நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது கைக்கு ஒரு வலி உண்டு. கடன் அட்டையும் தவணையும் அந்த வலியைத் தள்ளிப்போடுகின்றன. தள்ளிப்போட்டது இரவில் வந்து நிற்கிறது.

அட்டைக் கடனில் மாத வட்டி 3 சதவீதம் என்று வைத்துக்கொள். ஒன்றும் கட்டாமல் விட்டால் 24 மாதத்தில் கடன் இரட்டிப்பாகிவிடும். குறைந்தபட்சத் தொகை என்று 100-க்கு 5 கட்டினால், அதில் 3 வட்டிக்கே போய்விடும். கட்டிக்கொண்டுதானே இருக்கிறேன், ஏன் குறையவில்லை என்று நீ திகைப்பாய். நானும் திகைத்தேன்.

என் கடிதங்களை உன் அம்மாதான் கண்டுபிடித்தாள். துணி எடுக்கப் போனவள் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓர் உறையின் பின்பக்கத்தில் தொகைகளை எழுதிக் கூட்டினாள். நான் பயந்திருந்ததைவிட அதிகமாகவே இருந்தது. ஆனாலும் அன்றிரவு நான் தூங்கினேன், மாதக்கணக்கில் இல்லாத தூக்கம்.

நீயும் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுது: யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி. வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடைக்க வேண்டும் என்பார்கள். கணக்குப்படி அது சரி. இருந்தாலும் உன் இப்போதைய நிலையில், மிகச் சிறிய கடன் ஒன்றை முதலில் முடித்துவிடு என்பேன். சிங்கப்பூரில், கடன் தீர்க்கப்பட்ட ஏழைக் குடும்பத்தினரை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். பதற்றம் குறைந்து சிந்தனை தெளிந்ததற்கு, தீர்ந்த தொகையோடு, எத்தனை கடன் கணக்குகள் முழுதாக மூடப்பட்டன என்பதும் காரணமாக இருந்தது. ஒரு பெயர் பட்டியலிலிருந்து போனால் மனத்திலிருந்தும் போகிறது. அதன் பிறகு வட்டியைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டிகளில் திருப்பி அனுப்பக் கூடியவற்றை அனுப்பிவிடு. எங்களுக்குப் பரிசு எதுவும் வாங்காதே. போன முறை அனுப்பியதும் தவணையில்தான் வாங்கியிருப்பாய் என்று நினைக்கும்போது நெஞ்சு வலிக்கிறது.

ஞாயிறு காலை அழைக்கிறேன். தாளைக் கையில் வைத்துக்கொள். மொத்தத் தொகையை நீ வாய்விட்டுச் சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கே பேச மாட்டேன். அம்மாவும் பக்கத்தில் இருப்பாள். அவளிடம் ஒருமுறை மறைத்தேன். உன் விஷயத்தில் மறுபடியும் மறைக்க என்னால் முடியாது.

அன்புடன்,
அப்பா