ஓசூரின் கழிவுநீர் குறித்து மாநகராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

ஓசூர் மாநகராட்சியின் மேயர், ஆணையர், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கெலவரப்பள்ளி அணையின் மதகு திறக்கப்படும் நாள்களில் தென்பெண்ணையில் வெண்ணுரை பொங்கிப் போவதை நம் ஊரில் பார்க்காதவர் குறைவு. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து வரும் கழிவுநீரில் சலவைத்தூளின் வேதிப்பொருள்கள் கலந்திருப்பதால், மதகில் விழுந்து அலைக்கழியும்போது அது நுரைக்கிறது. அந்த அணையின் வாய்க்கால் பாசனத்தில் எங்கள் குடும்பத்துக்கும் கொஞ்சம் நிலம் உண்டு. மடை திருப்பப் போன என் தந்தை கால் அரிப்போடு வீடு திரும்பிய நாள்களை நான் மறக்கவில்லை. ஆற்றின் மேற்பகுதியில் இருப்பவர்கள் சுத்திகரித்த பிறகே விட வேண்டும் என்று நாம் கேட்பது முழு நியாயம். நம் ஊர்க் கழிவுநீர் குறித்து அதே நியாயத்தை, ஆற்றின் கீழ்ப்பக்கத்திலுள்ள கிருஷ்ணகிரி அணைப் பாசனக்காரர்களும், காவேரிப்பட்டணத்தாரும், சாத்தனூர் அணைக்குக் கீழே இருப்பவர்களும் நம்மிடம் கேட்டால் நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

2019இல் மாநகராட்சியான நம் ஊர், தளி சாலையிலும் பாகலூர் சாலையிலும் ஆண்டுதோறும் நீண்டுகொண்டே போகிறது. பாதாள சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பதும், அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பதும் பொறியாளர்கள் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. அப்படியானால் புதிதாகக் குடியேறும் ஒவ்வொரு லட்சம் பேருக்கும் தினமும் ஒரு கோடி லிட்டருக்கு மேல் சுத்திகரிக்க வேண்டியிருக்கும். ஆகவே, நம் ஊருக்கான பாதாள சாக்கடைத் திட்டத்தை வகுக்கும்போது, இன்றைய வார்டு எல்லைகளோடு நிறுத்தாமல், அடுத்த 30 ஆண்டுகளில் வீடுகள் எழும்பப்போகும் சரிவுகளையும் சேர்த்துக் கணக்கிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சுத்திகரிப்பு நிலையத்துக்கான நிலத்தை இப்போதே ஒதுக்காவிட்டால், பின்னர் ஏரிக்கரையைத் தவிர வேறு இடம் மிஞ்சாது.

குழாய் பதிப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. வீட்டு இணைப்புகள் குறைவாக இருந்தால் குழாயில் ஓட்டம் வேகம் பிடிக்காது, விநாடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது இல்லாத இடத்தில் மண்ணும் கசடும் படிந்து அடைப்பாகும். அந்த அடைப்பை எடுக்க உரிய பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்றி மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்றாலும், நாட்டில் இன்னும் உயிர்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. இதை எழுதும்போதே மனம் கனக்கிறது. இணைப்புக் கட்டணத்தை ஏழை வீடுகள் தவணையில் செலுத்த வழி செய்து, அடைப்பு எடுக்கும் இயந்திரங்களையும் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். மொட்டை மாடி மழைநீரைப் பாதாள சாக்கடையில் விடும் வழக்கத்தையும் கண்டிப்போடு தடுக்க வேண்டும்; ஒரே ஒரு கனமழை சுத்திகரிப்பு நிலையத்தை மூழ்கடித்துவிடும்.

எல்லாத் தெருவுக்கும் குழாய் வந்து சேரும்வரை நம்மிடம் இருப்பது செப்டிக் டேங்க்தான். பாறை மண்ணில் உறிஞ்சுகுழி சரியாக உறிஞ்சாததால், டேங்கிலிருந்து வழிவது நேரே மழைநீர்க் கால்வாய்க்கே போகிறது. ஒரு நாள் விடியற்காலையில், எங்கள் தெருமுனைக் கால்வாயில் கழிவுநீர் லாரி ஒன்று குழாயை இறக்கிக் காலி செய்ததை நானே பார்த்தேன். கசடைக் கொட்ட அருகிலேயே முறையான இடம் இருந்து, ஒவ்வொரு நடைக்கும் ரசீது கட்டாயமானால் அந்த ஓட்டுநருக்கும் இருட்டில் வர வேண்டிய தேவை இருக்காது.

தொழிற்பேட்டையின் முலாம் பூசும் பட்டறைக் கழிவை வீட்டுக் கழிவுநீரோடு கலக்க விடாதீர்கள். அதிலுள்ள உலோகங்கள், கழிவைத் தின்று நீரைத் தெளிய வைக்கும் நுண்ணுயிர்களையே கொன்றுவிடும். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள், ஏற்கெனவே சுத்திகரித்த கழிவுநீரை மேலும் தூய்மையாக்கி ஆலைகளுக்குத் தருகின்றன. இத்தனை தொழிற்சாலைகளை வைத்திருக்கும் ஓசூருக்கு அந்த வழி இன்னும் நன்றாகப் பொருந்தும். ஆலைகள் வாங்கும் நீருக்கான பணம் நிலையத்தின் மின்கட்டணத்துக்கும் உதவும்.

திட்ட வரைபடம் இறுதியாகும் முன்பு அதைப் பகுதி சபைகளில் தமிழில் விளக்குங்கள். எங்கள் பகுதியில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது, எந்தக் கால்வாய் எந்த ஏரியில் போய் விழுகிறது என்பதை உங்கள் பொறியாளர்களோடு நடந்து காட்ட நானும் என் தெருக்காரர்களும் எந்த நாளும் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓசூர்க் குடிமகன் ஒருவன்