350 ரூபாய் நிலுவையும் ஒற்றை வரியில் வந்த மறுப்பும்: கிரெடிட் கார்டு பிரிவுக்கு ஒரு புகார் கடிதம்

திருமங்கலம்,
18.08.2025

அனுப்புநர்:
தங்கள் முன்னாள் கார்டு வாடிக்கையாளர்,
கல்யாணப் பத்திரிகை அச்சகம்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
கிரெடிட் கார்டு பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: நீங்களாகவே அழைத்து வாங்கிய கார்டு விண்ணப்பத்தைக் காரணம் சொல்லாமல் மறுத்தது, தவறு என்று நீங்களே ஒப்புக்கொண்ட பதிவை ஓராண்டு கழித்தும் முழுமையாகத் திருத்தாதது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதை எடுத்துக்காட்டிக் கடிதத்தை ஓரமாக வைத்துவிடக் கூடாது அல்லவா?

2022-இல் உங்கள் கார்டுக்கு அடுத்தடுத்து மூன்று மாதங்களின் பணத்தை நான் கெடு தாண்டிக் கட்டினேன். ஜூலை 18-இல் கட்ட வேண்டியதை 29-இல் கட்டினேன். ஆகஸ்ட் 18-இல் கட்ட வேண்டியதைச் செப்டம்பர் 12-இல் கட்டினேன். செப்டம்பர் கெடு அக்டோபர் 6 வரை இழுத்தது. கட்டியதும் குறைந்தபட்சத் தொகைதான். ஆடியில் கல்யாணப் பத்திரிகை அடிக்க யாரும் வரமாட்டார்கள் என்பது எல்லா ஆண்டும் உள்ளதுதான். அதற்கென்று சித்திரை, வைகாசியிலேயே கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். அந்த ஆண்டு அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஒதுக்கி வைத்தது அறுவைச் சிகிச்சைக்குப் போனது. கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதம் என்று எழுதலாம், அபராதமும் போடலாம் என்று ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. நான் அந்த மூன்று நாளையும் தாராளமாகத் தாண்டியவன். யார் கடனை எப்படிக் கட்டினார் என்று கடன் தகவல் நிறுவனங்கள் பதிந்துவைக்கும் கடன் அறிக்கையில், எனக்கு ஆகஸ்டுக்கு 013 என்றும் செப்டம்பருக்கு 012 என்றும் இருக்கிறது. மாதக் கடைசியில் கெடு தாண்டி எத்தனை நாள் ஆகியிருந்தது என்ற கணக்கு அது. சரியான கணக்கு. அதை அழிக்கச் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

நான் பேச வந்தது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

2022 அக்டோபர் 29 பில்லில் மொத்த நிலுவை 18,400 ரூபாய். நவம்பர் 12-ஆம் தேதி அத்தனையையும் கட்டிவிட்டுக் கார்டை மூடச் சொன்னேன். நவம்பர் 19-இல் உங்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: கணக்கு மூடப்பட்டது, நிலுவை எதுவும் இல்லை. அந்த மின்னஞ்சலைக் காகிதத்தில் எடுத்துக் கல்லாப்பெட்டியில் வைத்தேன். இன்றும் இருக்கிறது.

பத்து நாள் கழித்து, நவம்பர் 29-இல், மூடிய கணக்குக்கு ஒரு பில் போட்டிருக்கிறீர்கள். அக்டோபர் 29-இலிருந்து நான் பணம் கட்டிய நாள் வரை 14 நாளைக்கு, ஆண்டுக்கு 42 சதவீத வீதத்தில் 296 ரூபாய் 42 காசு வட்டி. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 53 ரூபாய் 36 காசு. ஆக 349 ரூபாய் 78 காசு. பாக்கியைச் சுமந்துகொண்டிருக்கும் கார்டில் பில்லில் உள்ள முழுத் தொகையைக் கட்டினாலும், பில் தேதிக்கும் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட வட்டி அடுத்த பில்லில்தான் வரும் என்பதை நான் பிறகு தெரிந்துகொண்டேன். கணக்கை மூடிக் கொடுத்த உங்கள் அலுவலருக்கு அது அன்றே தெரிந்திருக்க வேண்டும். பில் நான் காலி செய்துவிட்ட பழைய வாடகை வீட்டுக்குப் போயிருக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்புகூட எனக்கு வரவில்லை. கார்டு விற்பதற்கு மட்டும் என் எண் உங்களுக்கு எப்படிக் கிடைக்கிறது என்று தெரியவில்லை.

2024 மார்ச்சில் இலவசக் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நான் கடன் கட்டும் விதத்துக்கு அவர்கள் போடும் மதிப்பெண்ணான ஸ்கோர் 648. உங்கள் கார்டு இன்னும் திறந்தே இருப்பதாகவும், 350 ரூபாய் கெடு தாண்டிய நிலுவை என்றும் இருந்தது. கீழே மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். 2022 டிசம்பரில் 013. அடுத்த மாதம் 044. பிறகு 072, 103. அப்படியே ஏறி ஏறி 2024 பிப்ரவரியில் 438. இந்தச் சின்னத் தொகைக்காக 438 நாள் கடனைக் கட்டாமல் ஓடி ஒளிந்தவனாக அந்தக் கட்டங்களில் நான் இருந்தேன். இதில் ஒரு வேடிக்கை: அந்த 350 ரூபாய்க்கு அதன்பிறகு வட்டி ஏறவே இல்லை. உங்கள் அலுவலகத்தில் ஒரு பிரிவு கணக்கை மூடிவிட்டது, இன்னொரு பிரிவுக்கு அது தெரியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

மறுநாளே கிளைக்குப் போய் 350 ரூபாயைக் கட்டி ரசீது வாங்கினேன். 2024 மே 2-ஆம் தேதி எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். அந்த மாதமே உங்கள் பதில் வந்தது. நிலுவையில்லாச் சான்று கொடுத்த பிறகு பில் போட்டது தங்கள் தவறு என்றும், கடன் தகவல் நிறுவனங்களுக்குத் திருத்தம் அனுப்பப்பட்டுவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த நான்கு நிறுவனங்களில் ஒன்றின் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். சரியாகியிருந்தது. நிம்மதியாக இருந்துவிட்டேன். மற்ற மூன்றையும் அன்றே எடுத்துப் பார்க்காதது என் ஏமாளித்தனம்.

பழைய தாமதத்தின் கறையைப் போக்க என்ன செய்ய வேண்டுமோ அதை ஒவ்வொன்றாகச் செய்தேன். வேறொரு வங்கியில் 50,000 ரூபாய் நிரந்தர வைப்பு வைத்து, அதன்பேரில் 40,000 ரூபாய் வரம்புள்ள கார்டு வாங்கினேன். வைப்புத்தொகை ஈடாக இருப்பதால் இந்த வகைக் கார்டைப் பழைய தாமதக்காரர்களுக்கும் கொடுக்கிறார்கள். அதில் எந்த மாதமும் 12,000 ரூபாயைத் தாண்டிச் செலவழித்ததில்லை. வரம்பில் 30 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்று சொல்வார்களே, அந்தக் கணக்கு. பில் தேதிக்கு இரண்டு நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிடுவேன். மீதியை முழுத்தொகையும் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். நடுவில் மனைவியின் வளையலை வைத்து என் பெயரில் எடுத்த நகைக்கடனையும் கெடுவுக்கு முன்பே திருப்பினேன். பதினான்கு மாதம் எந்த வங்கியிலும் புதிதாக விண்ணப்பிக்கவில்லை. 2025 ஜூன் கடைசியில் பார்த்தபோது ஸ்கோர் 762. என் மகன் பத்தாம் வகுப்பில் வாங்கிய மதிப்பெண்ணுக்குக்கூட நான் இவ்வளவு மகிழவில்லை.

ஜூலை முதல் வாரத்தில் உங்களிடமிருந்து அழைப்பு வந்தது. "சார், உங்களுக்கு இரண்டு லட்சம் ரூபாய் கார்டுக்கு முன்கூட்டியே ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆண்டுக் கட்டணம் கிடையாது" என்றார் அந்தப் பெண். 2022-இல் எனக்குத் தாமதம் இருக்கிறது, அதைப் பார்த்தீர்களா என்று நானே கேட்டேன். "எல்லாம் பார்த்துத்தான் சார் ஒப்புதல் வந்திருக்கிறது" என்றார். ஆவணி முகூர்த்தங்களுக்குச் சிவகாசியிலிருந்து பத்திரிகை அட்டைகளை மொத்தமாக எடுக்க வேண்டியிருந்தது. கையிலுள்ள 40,000 வரம்பு அதற்குப் போதாது. ஜூலை 9-ஆம் தேதி விண்ணப்பித்தேன். ஓ.டி.பி. கேட்டார்கள், கொடுத்தேன். வருமான வரிக் கணக்கு கேட்டார்கள், அனுப்பினேன்.

ஜூலை 17, ஆடி முதல் தேதி, குறுஞ்செய்தி வந்தது. எங்கள் உள் விதிமுறைகளின்படி தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை. அவ்வளவுதான். முன்கூட்டியே ஒப்புதல் ஆனது எது, பிறகு மறுக்கப்பட்டது எது, ஒன்றும் விளங்கவில்லை.

வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்தேன். இருபது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒருவர் வந்தார். காரணம் தங்கள் திரையில் தெரியாது என்றார். ஆனால் அறிவுரை மட்டும் தெரிந்திருந்தது. "ஸ்கோரை ஏற்றிக்கொண்டு ஆறு மாதம் கழித்து விண்ணப்பியுங்கள். வைப்புத்தொகை வைத்து ஒரு கார்டு வாங்குங்கள். 30 சதவீதத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள்." நான் பதினான்கு மாதமாகச் செய்ததை எனக்கே பாடமாக ஒப்பித்தார். அவர்மீது கோபமில்லை. எழுதிக் கொடுத்ததைப் படிப்பவர் அவர். எழுதிக் கொடுத்தவர்களிடம்தான் கேட்கிறேன்: இத்தனையும் செய்தவனுக்கு அடுத்து என்ன அறிவுரை வைத்திருக்கிறீர்கள்?

அதன்பிறகு நான்கு கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கையையும் எடுத்தேன். ஊரில் எல்லோரும் பொதுவாகச் சிபில் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் சிபிலோடு எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், ஹை மார்க் என்று நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாமே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. நான்கையும் மேசையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். இரண்டில் உங்கள் கணக்கு மூடப்பட்டது, நிலுவை பூஜ்யம். மற்ற இரண்டில் அந்த 350 ரூபாய் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கட்டங்கள் 438-இல் நின்றுபோயிருக்கின்றன. அச்சகத் தொழிலில் மெய்ப்புத் திருத்தத்தை ஒரு பக்கத்தில் போட்டுவிட்டு மறுபக்கத்தில் பழைய பிழையோடு ஆயிரம் பிரதி அடித்தால் வாடிக்கையாளர் காசு தரமாட்டார். நீங்கள் செய்திருப்பது அதுதான். நீங்கள் திருத்தம் அனுப்பியது இரண்டு நிறுவனங்களுக்கு மட்டும்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். நான் விண்ணப்பித்தது ஒரே ஒரு முறை. ஒரே அறிக்கையில் உங்கள் பெயரில் இரண்டு விசாரணைகள், அதாவது விண்ணப்பத்துக்காக நீங்கள் என் அறிக்கையை எடுத்துப் பார்த்த பதிவுகள்: ஜூலை 9, ஜூலை 11. புதுக்கடன் தேடி அலைகிறவன் என்ற தோற்றத்தைத் தந்து ஸ்கோரைக் குறைப்பவை இவை. ஜூன் கடைசியில் 762 இருந்தது இப்போது 751.

ஆகஸ்ட் 5-ஆம் தேதி உங்களிடமிருந்து மறுபடியும் அழைப்பு. வேறொரு குரல், அதே இரண்டு லட்சம், அதே முன்கூட்டிய ஒப்புதல்.

எனக்கு வேண்டியவற்றைச் சொல்கிறேன். கார்டு விண்ணப்பத்தை மறுத்தால் அதற்கான முக்கியக் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டுக் கார்டு விதிமுறை. "உள் விதிமுறை" என்பது காரணம் ஆகாது. 2022 தாமதம்தான் காரணம் என்றால் அப்படியே எழுதுங்கள். ஏற்றுக்கொள்கிறேன், வருத்தம்கூட இருக்காது. திருத்தப்படாத 438 நாள்தான் காரணம் என்றால் அதையும் எழுதுங்கள். அந்த இரண்டு நிறுவனங்களுக்கும் திருத்தத்தை உடனே அனுப்பி, அனுப்பியதற்கான சான்றை எனக்குக் கொடுங்கள். இந்த ஆண்டு ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒரு முறை விவரம் அனுப்ப வேண்டும் என்று விதி மாறியிருக்கிறது. அதன்படி பார்த்தாலே இதைச் சரிசெய்ய உங்களுக்குப் பதினைந்து முறையாவது வாய்ப்பு வந்துபோயிருக்கிறது. ஜூலை 11 விசாரணையை நீக்கச் சொல்லுங்கள். ஜூலை 9 இருக்கட்டும், அது நான் சம்மதித்தது.

இழப்பீடும் கேட்கிறேன். கடன் தகவல் பற்றிய புகாரை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் புகார்தாரருக்குத் தர வேண்டும். அதில் வங்கி தன் பங்குத் திருத்தத்தை அனுப்ப 21 நாள்தான் கெடு. 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் இருக்கும் விதி இது. என் புகார் மே 2. முப்பது நாள் ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. ஜூன் 2 முதல் நேற்று வரை 442 நாள், 44,200 ரூபாய். 350 ரூபாய்க்கு என்னை 438 நாள் எண்ணினீர்கள். எனக்கும் நாள் எண்ணத் தெரியும்.

இதற்கு 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மறுபடி ஒரு வரியாக இருந்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்வேன். அதற்கான தாள்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வைத்துவிட்டேன்.

கார்டு இனி வேண்டாம். ஆவணிக்குத் தேவையான அட்டைகளைச் சிவகாசி வியாபாரி 45 நாள் தவணையில் கொடுத்துவிட்டார். அவர் என் ஸ்கோரைக் கேட்கவில்லை. உங்கள் விற்பனை அழைப்புப் பட்டியலிலிருந்து என் எண்ணை எடுத்துவிடுங்கள். இந்தப் புகாருக்குப் பதில் சொல்ல மட்டும் அதைப் பயன்படுத்தலாம். காலை பத்து மணிக்கு மேல் இயந்திரம் ஓடும், சத்தத்தில் பேச முடியாது. அதற்கு முன்பு அழையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் கார்டு வாடிக்கையாளர்

இணைப்பு: 19.11.2022 நிலுவையில்லாச் சான்று, 350 ரூபாய் ரசீது, 02.05.2024 புகாரும் அதற்குத் தாங்கள் அனுப்பிய பதிலும், நான்கு கடன் அறிக்கைகளின் நகல், 17.07.2025 குறுஞ்செய்தியின் படம்.