கடைசி வாங்கில் இரு, மகள்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

கலாநிதிப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நீ அனுப்பிய குரல்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். அப்பா கேட்ட கையோடு, “இனி என்ட மகள் டொக்டர்” என்று முன்வீட்டில் சொல்லப் போய்விட்டார். அன்று பின்னேரமே சின்னமாமி வந்து, முழங்கால் வலிக்கு என்ன மருந்து எடுக்கலாம் என்று உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். இது மருந்து எழுதுகிற டொக்டர் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்க்கிற கல்வி உளவியலாளர் என்று விளங்கப்படுத்தினேன். “அதுக்கு இன்னும் மூணு வருசமா? ரெண்டு பிள்ளைக்குத் தாயான பிறகா?” என்றார்.

முன்பு அங்கே இங்கிலாந்தில் ஒரு வருட முதுமாணிப் படிப்போடு இந்தத் தொழிலுக்குப் போகலாம், 2006இலிருந்துதான் மூன்று வருடக் கலாநிதிப் படிப்பாக மாற்றினார்கள் என்று நீ சொன்னதை அவருக்குச் சொன்னேன். 2009இலிருந்து சட்டப்படி பதிவு இல்லாமல் யாரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளவும் முடியாது. நீ கொமர்ஸ் பட்டத்தோடு கலியாணம் முடித்துப் போய், லண்டன் ஹரோவில் வகுப்பு உதவியாளராக நின்றுகொண்டே உளவியலைப் புதிதாகப் படித்து முடித்தது எனக்குத் தெரியும். மாமிக்கு எங்கே தெரியும்?

காசு விசயம் எனக்கு விளங்கிவிட்டது. முதல் வருடம் அரசாங்கத்தின் உதவிப்பணம், அடுத்த இரண்டு வருடம் ஏதாவதொரு உள்ளூராட்சி சபையில் பயிற்சி, அதற்கு அவர்கள் தருவது. முடித்தபின் சில வருடம் அங்கேயே வேலை செய்ய வேண்டும். ஆக, நீ ஊரோடு வந்துவிடுவாய் என்கிற கதையை அப்பா இனி விடவேண்டும். நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

நான் கடிதம் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. கோலில் சொல்லத் தொடங்கினால் உன் சின்னவள் வந்து போனைப் பறித்துவிடுவாள்.

அங்கே 2014இல் வந்த சட்டப்படி, விசேட தேவையுள்ள பிள்ளைக்குக் கல்வி, சுகாதாரம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்து ஒரு திட்டம் எழுதுகிறார்கள், 25 வயது வரைக்கும் அது செல்லும், எல்லாம் 20 கிழமைக்குள் முடியவேண்டும் என்றாய். அதில் உளவியலாளர் தன் ஆலோசனையை எழுத 6 கிழமை. நல்ல சட்டம். இங்கே நான் படிப்பித்த காலம் முழுக்க எங்கள் பள்ளிக்கூடத்துப் படியேறி அப்படி ஒருவர் வந்ததே இல்லை. ஆனால் அறிக்கை எழுதி எழுதியே அங்குள்ளவர்கள் களைத்துப் போகிறார்கள் என்றும் நீதான் சொன்னாய். எனக்குப் பயம் அதில்தான். பிள்ளையைப் பார்க்க நேரமில்லாமல் பிள்ளையைப் பற்றி எழுதுகிற ஆளாக நீ ஆகிவிடக்கூடாது.

நான் படிப்பித்த நாலாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பள்ளிக்கூடம் விட்டபிறகு தாயோடு பாலத்தடியில் இறால் கூறு வைத்து விற்பான். ஒரு கூறு 45 ரூபா. நாலு கூறு கேட்டேன். “தொண்ணூறும் தொண்ணூறும் நூற்றெண்பது, டீச்சர்” என்றான். 200 ரூபா கொடுத்தேன். மிச்சம் 20 ரூபாவை என் கையில் வைத்துவிட்டுத்தான் இறாலைப் பையில் போட்டான். அடுத்த நாள் அதே கணக்கை இறால் இல்லாமல் கரும்பலகையில் எழுதினேன். பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். பிறகு கணக்கை வாயால் கேட்டு, அவன் சொன்ன வழியையே கொப்பியில் எழுதவைத்தேன். பிடிபட ஒரு தவணை முழுக்க எடுத்தது.

சந்தையில் விற்கிற பிள்ளைகளின் கணக்கைப் பற்றி நீ அனுப்பிய அந்தப் பிரேசில் ஆய்வை வாசித்தபோது இவன்தான் ஞாபகம் வந்தான். ரெசிஃபே நகரத்துச் சந்தையில் தேங்காய் விற்கிற பையனிடம், ஒன்று 35 என்றால் 10 தேங்காய் எவ்வளவு என்று கேட்கிறார்கள். அவன் பின்னால் ஒரு சைபர் போடவில்லை. மூன்று 105, இன்னும் மூன்று 210 என்று கூட்டிக்கொண்டே போய் 350க்கு வந்து சேருகிறான். ஆய்வில் இருந்த பிள்ளைகள் ஐந்து பேரும் சந்தையில் நூற்றுக்கு 98 சரியாகச் சொன்னார்கள். அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகக் கொடுத்தபோது நூற்றுக்கு 37கூடத் தேறவில்லை. 1985இல் வெளிவந்த ஆய்வு. இங்கே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையின் வெட்டுப்புள்ளி வந்தால் ஒரு கிழமைக்கு ஊரே கதைக்கும். இதைப் பற்றிக் கதைக்க எனக்கு உன்னை விட்டால் ஆளில்லை.

அங்கே உன் தொழிலின் முதல் ஆள், 1913இல் லண்டன் மாவட்ட சபை நியமித்த சிரில் பேர்ட், பிள்ளைகளை அளந்து பிரிப்பதில் பெரிய கெட்டிக்காரராம். அவர் செத்தபிறகு, இரட்டைப் பிள்ளைகளை வைத்து அவர் காட்டிய எண்களையே நம்பமுடியாது என்று பெரிய சண்டை நடந்ததாமே. எண் என்றால் கொஞ்சம் சந்தேகத்தோடே இரு.

நம்ம ஊரில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா உனக்கு ஞாபகம் இருக்கும். கனடாவிலிருந்து வந்த ஓவியர் போல் ஹோகனும் நம்ம சற்குணநாயகம் பாதரும் சேர்ந்து தொடங்கியது. சண்டைக் காலம். தமிழ்க் கிராமம், முஸ்லிம் கிராமம் இரண்டிலுமிருந்து பஸ்ஸில் பிள்ளைகளைக் கூட்டிவந்து களிமண்ணும் சாயமும் கதையும் பாட்டுமாக விடுவார்கள். அங்கே எந்தப் பிள்ளைக்கும் யாரும் புள்ளி போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

பிள்ளைகளை அளக்கிற உங்கள் சோதனைப் பெட்டியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒருதரம் சோதித்து, கொஞ்சம் சொல்லிக்கொடுத்து, திரும்பச் சோதித்து, பிள்ளை எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்க்கிற முறை ஒன்று இருக்கிறது என்றாயே, அது எனக்குப் பிடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்தோ இங்கிருந்தோ வந்து, ஆங்கிலம் பிடிபடாமல் வாய் திறக்காமல் இருக்கிற பிள்ளையை உன்னிடம் அனுப்புவார்கள், நீ தமிழ் என்றே அனுப்புவார்கள். பெட்டியைத் திறக்கமுதல் அதன் வகுப்புக்குப் போய் கடைசி வாங்கில் இரு. இடைவேளையில் யாரோடு போகிறது, சாப்பாட்டுப் பெட்டியை ஒளித்துவைத்துச் சாப்பிடுகிறதா என்று பார். தாயோடு தமிழில் கதை. நேரமில்லை என்று மேலே உள்ளவர்கள் சொன்னால், உன் மேற்பார்வையாளரோடு சண்டை பிடித்தாவது அந்த நேரத்தை வாங்கு. சண்டை பிடிக்க உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

சரி, படிப்பு செப்டெம்பரில்தானே. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்குப் பிள்ளைகளோடு வந்துவிட்டுப் போ. டிக்கெட் விலை ஏறமுதல் மருமகனைப் போடச் சொல். அப்புறம், மாமி கேட்டால் முழங்காலுக்கு ஏதாவது தைலம் என்று நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் நம்பமாட்டார்.

அன்புடன்,
அம்மா