கீழ் வீட்டுத் தொட்டியில் கிடந்தது என் பூனையுடையதுதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பக்கத்து வீட்டுப் பூனை தன் பூந்தொட்டிகளைக் கழிப்பறை ஆக்கிவிட்டது என்று ஒரு வாசகர் புலம்பி எழுதியதைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். பூனை வளர்க்கும் என் நண்பர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். "பூனையைக் கட்டியா போட முடியும்?" என்றார் ஒருவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடம் முன்பு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நான்தான்.

எங்களுடையது மாடி வீடு. எங்கள் கடுவன் காலையில் ஜன்னல் வழியாக மதில்மேல் குதித்துப் போனால் பசிக்கிற நேரத்துக்குத்தான் திரும்பும். வீட்டுக்குள் ஒரு நாளும் அசிங்கம் செய்ததில்லை, மணல் பெட்டிகூட வேண்டியதில்லை, அவ்வளவு சமத்து என்று எனக்குப் பெருமை வேறு. ஒரு நாள் பால்கனியில் துணி உலர்த்தும்போது கீழ் வீட்டு அம்மா குனிந்து, பழைய கரண்டியால் தொட்டி மண்ணைக் கிளறுவது தெரிந்தது. செடி நடுகிறார் என்று நினைத்தேன். கரண்டியில் வந்ததைக் காகிதத்தில் மடித்து, முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு குப்பைக் கூடையில் போட்டார். பிறகு அடுத்த தொட்டி. பிறகு அதற்கடுத்தது. மதில்மேல் எங்கள் சமத்து உட்கார்ந்து, வேலை சரியாக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் மகள் அப்போது கர்ப்பமாக இருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். கர்ப்பிணிக்குப் புதிதாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. வெளியே வந்தவுடன் அது தொற்றாது. 1 முதல் 5 நாள் ஆக வேண்டும். அதனால் வீட்டுக்குள் மணல் பெட்டி வைத்துத் தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். தோட்டத்து ஈர மண்ணில் புதைந்துவிட்டாலோ மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பெட்டியை அள்ளும் வேலை எனக்கு மிச்சம் என்று நினைத்திருந்தேன். அதை அந்த வேலை போகவே கூடாத வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

வெளியே விடுவதில் மலம் மட்டுமல்ல, வேட்டையும் இருக்கிறது. "வேட்டையாடுவது அதன் இயல்பு, கழுத்தில் மணி கட்டினால் போதும்" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில் மணியால் குறிப்பிடும்படியான பலன் எதுவும் தெரியவில்லை. இறைச்சி அதிகமுள்ள தீனி போட்ட வீடுகளில் பூனை கவ்விக்கொண்டு வந்த இரை 36 விழுக்காடு குறைந்தது. தினம் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டிய வீடுகளில் 25 விழுக்காடு. குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதியில் 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகளை வீட்டு எல்லைக்குள்தான் வைத்திருக்க வேண்டும் என்றே சட்டம். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

அடைத்து வைப்பது சுலபமா என்றால், இல்லை. முதல் பத்து நாள் விடியற்காலை நான்கு மணிக்குக் கதவைப் பிறாண்டிக்கொண்டு ஒரே கத்தல். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கருத்தடையை அப்போதுதான் செய்தேன். சுற்றித் திரியும் வெறியும் சுவருக்குச் சுவர் சிறுநீர் பீய்ச்சுவதும் மெல்ல அடங்கின. ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை அடித்தோம். (எங்கிருந்து விழுந்தாலும் பூனை நாலு காலில் நிற்கும் என்று நம்பி வலை போடாதவர்கள், கால் ஒடிந்து வரும் பூனைகளைப் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.) வெளியே பார்க்க ஜன்னலோரம் உயரமாக ஒரு பலகை. சாப்பாட்டுக்கு முன்பு கயிற்றில் கட்டிய இறகைத் துரத்தவிட்டு, களைத்த பிறகு தீனி. ஆறு வாரத்தில் கதவை மறந்துவிட்டது. நாளில் பாதிக்கு மேல் தூங்கும் பிராணி. அதற்கு உலகம் முழுவதும் தேவைப்படுகிறது என்று நினைத்தது நான்தான்.

ஆனால் உள்ளே வைத்ததும் அடுத்த வம்பு வந்தது. இரவு பதினொரு மணிக்கு அறைக்கு அறை பாய்ச்சல். அது கீழ் வீட்டுக்கு எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த முறை அந்த அம்மாவே மாடியேறி வந்து, "குதிரை ஏதாவது வாங்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். தரையில் தடித்த விரிப்புப் போட்டேன். விளையாட்டை மாலைக்கு மாற்றினேன். அன்றுதான் தொட்டிகளைப் பற்றியும் பேசினோம். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "உங்களுக்குத் தெரியாதா என்ன என்று நினைத்தேன்" என்றார். உண்மையிலேயே தெரியாது. பூனை வளர்ப்பவர்களின் காதில் இதெல்லாம் தானாக விழாது.

அதனால்தான் அந்த வாசகரின் கடிதத்தில் "இனி வேறு வழி பார்க்க வேண்டியதுதான்" என்ற கடைசி வரி என்னை உறுத்துகிறது. வெந்நீரும் விஷமும் போய்ச் சேருவது பூனையிடம். ஜன்னலைத் திறந்துவிட்டது மனிதர். அந்த வாசகர் முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டட்டும், கையில் அந்தக் கரண்டியோடு வேண்டுமானாலும். தட்டியும் கேட்கவில்லை என்றால் உங்களுக்கு இன்னொரு கடிதம் எழுதட்டும். அதில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மாடி வீட்டுப் பூனைக்காரி