லால்குடி நூற்றாண்டுக்குள் சேலத்தில் பக்கவாத்தியம் வளர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயலின் மேதை லால்குடி ஜெயராமன் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை வாசித்தோம். பத்மஸ்ரீ (1972), சங்கீத நாடக அகாடமி விருது (1979), பத்மபூஷண் (2001), 1965 எடின்பரோ விழாவையொட்டி மேலைநாட்டு வயலின் மேதை யெஹூதி மெனுஹின் அவருக்கு இத்தாலிய வயலின் பரிசளித்தது என எல்லாம் இருந்தன. ஆனால் அவர் பாடகர்களுக்குத் துணையாக வாசிக்கும் பக்கவாத்தியக்காரராக வாழ்ந்த காலம் இரண்டு வரியில் முடிந்துவிட்டது. அவருடைய கலையின் அடித்தளமே அதுதான் என்பதால் இந்தக் கடிதம்.

தியாகராஜரின் சீடர் லால்குடி ராமய்யரின் பரம்பரையில் 1930 செப்டம்பர் 17-ல் பிறந்து, தந்தை வி.ஆர். கோபாலய்யரிடமே பாடம் கேட்டு, 12 வயதில் பக்கவாத்தியமாக மேடையேறியவர் அவர். பிறகு எந்தெந்தப் பாடகர்களுக்கு வாசித்தார் என்று பாருங்கள். அரியக்குடிக்கு மத்யமகாலக் (நடுத்தர வேகக்) கச்சேரியின் நடை தளராமல் வாசிக்க வேண்டும். ஜி.என்.பி.யின் பிருகாவுக்கு (அதிவேகச் சங்கதிகளுக்கு) விரல் அதே வேகத்தில் ஓட வேண்டும், ஸ்வரமும் உருண்டு தெளிவாக விழ வேண்டும். மதுரை மணி அய்யரின், தாளத்தோடு இயல்பாக ஓடும் சர்வலகு ஸ்வரங்களுக்குக் கணக்கைக் காட்டாத எளிமை வேண்டும். ஆலத்தூர் சகோதரர்களின் பல்லவிக்கோ கணக்கு நுனிவிரலில் நிற்க வேண்டும். ஒரே வில் இத்தனை பேருக்கும் அவரவர் பாணியில் பதில் சொன்னது. தனி வயலினிலும், 1966-ல் என். ரமணியின் குழலோடும் திருவனந்தபுரம் வெங்கட்ராமனின் வீணையோடும் தொடங்கிய வேணு-வயலின்-வீணைக் கச்சேரிகளிலும் கேட்ட பக்குவம் இந்தப் பயிற்சியில் விளைந்தது.

சேலத்தில் இன்று வயலின் கற்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. கீதம், வர்ணம், பத்துப் பதினைந்து கிருதி, ஒரு தில்லானா என்று போகிறார்கள். ஒருவர் பாட உட்கார்ந்து பின்தொடர்ந்து வாசிக்கச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. கோயில் திருவிழாவுக்கும் அரங்கேற்றத்துக்கும் வயலினுக்கு வெளியூருக்குப் போன் போடுகிறோம். பாடத்திட்டத்தில் பக்கவாத்தியம் தனிப் பாடமாக இல்லாததே இதற்குக் காரணம். என்ன சொல்லித்தர வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம், ஆசிரியர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் வில். லால்குடியின் வாசிப்பில் சாகித்யம் (பாட்டின் சொற்கள்) காதில் விழும் என்று ரசிகர்கள் சொல்வது மிகையல்ல, அதற்கு வழிமுறை இருக்கிறது. கிருதியின் சாகித்யத்தை நோட்டில் எழுதி, பாடகர் எங்கே சொல்லைப் பிரிக்கிறார், எங்கே மூச்சு வாங்குகிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இடங்களில் மட்டும்தான் வில்லைத் திருப்பலாம். மாணவர்கள் செய்யும் பெரிய தவறு, ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்தின் நடுவில் வில்லைத் திருப்புவது. தோடி ராகத்தின் காந்தாரத்தை (க) எடுத்துக்கொள்ளுங்கள். ரிஷபத்தின் (ரி) பக்கத்திலிருந்து எழுந்து மத்யமத்தை (ம) தொட்டுத் திரும்பும் அந்த அசைவு ஒரே விரலின் சறுக்கலில், ஒரே வில்லில் வர வேண்டும். இரண்டு விரலை மாற்றி மாற்றி வைத்தால் ஆர்மோனியம் போல ஒலிக்கும். நடுவில் வில் திரும்பினால் காந்தாரம் இரண்டாக முறியும். சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை மார்பில் சாய்த்து வாசிக்கும் நம் முறையே இடது கை வாத்தியத்தைத் தாங்காமல் விடுதலையாகச் சறுக்குவதற்குத்தான். நாற்காலியில் உட்கார்ந்து தோளில் வைத்துப் பழகும் பிள்ளைகளுக்கு இந்த அசைவு வர நாளாகும்.

அடுத்தது பின்தொடர்தல். பாடகர் ஆலாபனை செய்யும்போது ஒரு நொடி பின்னால், வில்லின் எடையைக் குறைத்து, நிழல்போல் வர வேண்டும். அவர் நிறுத்திய ஸ்வரத்தில் நாமும் நின்று அந்தக் கார்வையை (நீட்டிப்பை) தாங்கித் தர வேண்டும். இடைவெளி கிடைத்ததே என்று சொந்தச் சரக்கை நுழைக்கக் கூடாது. நம் முறை வரும்போது அவர் எடுத்த நேரத்தில் பாதிக்குள் முடிப்பது மரபு.

பாடகர் மேடையிலேயே கற்பனையாகப் பாடும் கல்பனாஸ்வரத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். காதில் விழுந்த கோர்வையை, அதாவது ஸ்வரங்களைக் கணக்காகக் கோத்த முடிப்பை, ஒருமுறை கேட்டதுமே பிரித்துப் பார்க்கத் தெரியாததே காரணம். ஒரு கணக்கு: ஆதிதாளம் ஒரு களை, எட்டு எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் 4 அட்சரம், ஆக ஆவர்த்தனத்துக்கு (ஒரு சுற்றுக்கு) 32 அட்சரம். பாடகர் ஐந்தட்சரச் சொற்கட்டு மூன்று, இடையில் இரண்டிரண்டு அட்சரக் கார்வை என்று வைத்தால் 5+2+5+2+5, மொத்தம் 19. சமத்தில் (தாளச் சுற்றின் தொடக்கத்தில்) முடிய வேண்டுமானால் 13 அட்சரம் கழித்து, அதாவது மூன்றேகால் எண்ணிக்கை கழித்து எடுக்க வேண்டும். பாட்டின் எடுப்பு (தொடங்கும் இடம்) சமத்திலிருந்து 2 அட்சரம் தள்ளி அரை இடத்தில் இருந்தால் 15 அட்சரம் கழித்து. 13-ஐ மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை அரை இடப் பாட்டில் 2 அட்சரம் முன்னதாக முடித்துவிட்டு மிருதங்கக்காரரின் முகத்தைப் பார்க்கும். தினமும் கையில் தாளம் போட்டு, வயலினைத் தொடாமல், இதை வாயால் சொல்லிப் பழகினால் போதும்.

லால்குடி இயற்றிய மோகனகல்யாணி, தேஷ் தில்லானாக்களும் சாருகேசி வர்ணமும் சேலத்து நடன அரங்கேற்றங்களில் அடிக்கடி கேட்கின்றன, மகிழ்ச்சிதான். ஒரு வேண்டுகோள் மட்டும்: ஆடுபவரின் வசதிக்காகத் தில்லானாவைக் கடைசிச் சுற்றில் ஓட்டாதீர்கள். அவர் சொற்கட்டுகளுக்கு நடுவே விட்ட இடைவெளிகள் அளந்து வைத்தவை. காலப்பிரமாணம் (வேகம்) ஏறினால் முதலில் காணாமல் போவது அவைதான்.

வாத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் ஊர்த் தட்பவெப்பம் அதற்குச் சோதனை. ச-ப-ச-ப என்று கூட்டும் வயலினை ஆண்குரலுக்கு 1 கட்டைச் சுருதியில் வைத்திருந்து, அடுத்த கச்சேரியில் பெண்குரலுக்கு 5 கட்டைக்கு ஏற்றினால் முதல் தந்தி அறுவது நிச்சயம் என்றே சொல்லலாம். வசதியுள்ளவர்கள் இரண்டு வயலின் வைத்துக்கொள்ளுங்கள். தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகத் திருக, தந்திகளைத் தாங்கும் குதிரை விரல்பலகைப் பக்கம் சாய்ந்துகொண்டே வரும். வாரம் ஒருமுறை பக்கவாட்டில் பார்த்து, தந்தியைச் சற்றுத் தளர்த்தி நிமிர்த்த வேண்டும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் படாரென்று விழும், அந்த அதிர்ச்சியில் உள்ளே நிற்கும் மரக்குச்சியும் சாயும், பிறகு நாதமே இராது. தந்தி மாற்றும்போது நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள், அதற்கும் இதே கதிதான்.

சேலத்துச் சித்திரை வெயிலில் மரம் காய்ந்து பிரடை வழுக்கும். சாக்பீஸ் பொடியைக் கொஞ்சம் தடவினால் பிடிக்கும். நிறுத்தி வைத்த காரில் வயலினை விட்டால் ஓரத்து ஒட்டு பிரியும். அதே வயலினை 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குக் கோடை விழா சமயத்தில் கொண்டுபோனால் எல்லாம் தலைகீழ். சுமார் 1,500 மீட்டர் உயரம், மாலையானால் மூடுபனி. பிரடை உப்பி இறுகிக்கொள்ளும், வில்லின் முடி நீண்டு தொய்யும். போனதும் பெட்டியைத் திறக்காமல் அரைமணி நேரம் வைத்திருங்கள். இறுகிய பிரடையை முரட்டுத்தனமாகத் திருகினால் தலைப்பகுதி விரியும். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்திவிடுங்கள், கீழே இறங்கியதும் வறண்ட காற்றில் முடி சுருங்கி வில்லையே வளைத்துவிடும்.

அமைப்பாளர்களுக்கு ஒன்று. பெரிய அரங்கோ கல்யாண மண்டபமோ, வயலினுக்கு வைக்கும் மைக் குதிரைக்கு நேராக ஒரு அடி, ஒன்றரை அடி தள்ளி இருக்கட்டும். நெருக்கி வைத்து ட்ரெபிளையும் ஏற்றினால் வில்லின் உரசல்தான் கேட்கும், நாதம் கேட்காது. பாடகரின் குரலுக்கு ஒருபடி கீழே வயலின் இருக்க வேண்டும். பாடகருக்குக் கேட்கும் மானிட்டரில் வயலின் கட்டாயம் இருக்கட்டும். அழைப்பிதழில் வயலின் வாசிப்பவர் பெயரை அச்சிடாமல் ‘பக்கவாத்தியம்: வயலின், மிருதங்கம்’ என்று மட்டும் போடும் வழக்கத்தையும் கைவிடுங்கள்.

லால்குடி ஜெயராமன் 2013 ஏப்ரல் 22-ல் மறைந்தார். 2030-ல் அவருடைய நூற்றாண்டு வருகிறது. மாலை போட்டுப் படம் திறக்கும் விழாவை எப்போது வேண்டுமானாலும் நடத்தலாம். பக்கவாத்தியக்காரர் உருவாக நான்கைந்து வருடமாவது வேண்டும். ஆகவே இப்போதே தொடங்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பாடகரும் ஒரு மிருதங்கக்காரரும் உட்கார, வயலின் மாணவர்கள் ஆளுக்கொரு பாட்டாக மாறி மாறி வாசிக்கட்டும், முன்கூட்டிப் பாட்டின் பெயரைச் சொல்லாமல். மாவட்ட அரசு இசைப்பள்ளியும் சேலத்துச் சபாக்களும் இதற்கு இடம் தந்தால் சொல்லித்தர நாங்கள் கட்டணமின்றி வருகிறோம். இந்தச் செய்தியைத் தங்கள் சேலம் பதிப்பில் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வயலின் ஆசிரியர்கள் சிலர்,
சேலம், ஏற்காடு.