இட்லித் தட்டு ஒன்றுதான், மாவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிராண்டுப் பெயரில்லாத கார்பன் நார் ஃப்ரேம் (சைக்கிளின் சட்டம்) வாங்கி, மற்ற சாமான்களை மாட்டி மலிவாகச் சைக்கிள் பூட்டுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக, இரண்டாம் தடவை கொஞ்சம் கடுப்பாக. நானும் அப்படி ஒன்றைப் பூட்டி ஒன்றரை வருடமாக ஓட்டிக்கொண்டிருப்பவன்தான். அதனால் இதை எதிர்ப்புக் கடிதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் “எல்லாம் ஒரே ஃபேக்டரிச் சரக்கு, பிராண்டு வாங்குபவர்கள் ஸ்டிக்கருக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்” என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பாதி உண்மை அது. உலகத்தில் விற்கும் கார்பன் ஃப்ரேம்களில் பெரும்பகுதி தைவானிலும் சீனாவிலும்தான் உருவாகிறது. சீனாவின் ஷியாமென், ஷென்ஜென் பக்கமெல்லாம் இதே தொழில். பெரிய பெயர்க்காரர்களும் அங்கேதான் செய்யக் கொடுக்கிறார்கள். ‘ஓப்பன் மோல்டு’ என்றால், தொழிற்சாலையே சொந்தச் செலவில் அச்சு செய்து வைத்துக்கொண்டு, கேட்டவருக்கெல்லாம் அதிலேயே போட்டுக் கொடுப்பது. எந்தப் பெயரை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

ஆனால் அச்சு ஒன்று என்றால் சரக்கும் ஒன்றாகிவிடுமா? இட்லித் தட்டு எல்லார் வீட்டிலும் ஒன்றுதான். உளுந்து எவ்வளவு போட்டார்கள், மாவு எப்படிப் புளித்தது என்பதில்தானே இருக்கிறது இட்லி. கார்பன் ஃப்ரேமும் அப்படித்தான். ரெசின் என்கிற பிசின் ஊறிய கார்பன் துணியைத் துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டு எந்தக் கோணத்தில், எந்த இடத்தில் எத்தனை அடுக்கு என்று பார்த்துக் கையால் ஒட்டுகிறார்கள். உள்ளே பலூன் வைத்து ஊதி, அச்சோடு சேர்த்துச் சூடேற்றி எடுக்கிறார்கள். ஒரு அடுக்கு குறைந்தாலும் சரி, உள்ளே சுருக்கம் விழுந்தாலும் சரி, பெயின்ட் அடித்த பிறகு வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது.

இன்னொன்று, அந்த ‘டி1000’. கட்டுரையில் அதை ஏதோ தங்கத்துக்கு 916 முத்திரை மாதிரி எழுதியிருந்தீர்கள். டி700, டி800, டி1000 எல்லாம் ஜப்பானின் டோரே கம்பெனி தன் கார்பன் நாருக்கு வைத்த பெயர்கள். இழுவிசையைத் தாங்குவதில் டி1000 மேல்தான். ஆனால் ஒரு ஃப்ரேம் முழுவதையும் ஒரே நாரில் யாரும் செய்வதில்லை, இடத்துக்குத் தகுந்த மாதிரி கலந்துதான் போடுவார்கள். விற்பவர் சொல்வதைச் சரிபார்க்க உங்களிடமும் என்னிடமும் வழி கிடையாது. அழகாகச் சதுரம் சதுரமாகத் தெரியும் ‘3கே’ நெசவு பெரும்பாலும் மேல்பூச்சு மாதிரிதான். ஒரு இழையில் 3000 நார் இருக்கிறது என்பதுதான் அந்த 3கே. உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கணபதியில் சின்ன லேத் பட்டறை. பம்ப் கம்பெனிகளுக்குப் புஷ், ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது பிழைப்பு. பழைய அலுமினியம் சைக்கிளிலிருந்த ஷிமானோ 105 கியர், பிரேக் சாமான்களைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கில் ஃப்ரேம், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க், சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட் மட்டும் தருவித்தேன். செயலியைத் தட்டினால் வீட்டுக்கு வந்துவிடும் என்கிறது கட்டுரை. சீன விற்பனைச் செயலியான அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரிலேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டதை யாராவது நினைவுபடுத்தியிருக்கலாம். நான் மெயில் எழுதி, வங்கி வழியாகப் பணம் அனுப்பி, கூரியரில் வாங்கினேன். அனுப்பும் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய்க்குப் பக்கம் வந்தது. அப்படியும் பெயருள்ள ஃப்ரேமின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மறுக்கவில்லை.

பெட்டி வந்த அன்று அம்மா ஃப்ரேமை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது மேலயா நீ கோத்தகிரி இறங்கப் போற?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் என்னைப் பட்டறைக்கு அனுப்பியது.

போனில் மாட்டும் வயர் கேமரா ஒன்று இருந்தது. அதை ஃபோர்க் வழியாகவும் கீழ்க்குழாய் வழியாகவும் விட்டுப் பார்த்தேன். ஊதிய பலூனின் பிளாஸ்டிக் அங்கங்கே கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் ஆபத்தில்லை, இழுத்து எடுத்துவிடலாம். ஃபோர்க் உள்ளே சுத்தமாக இருந்தது. பெடல் அச்சு போகும் இடம்தான் வயிற்றைக் கலக்கியது. பிபி86 என்கிற அளவு அது. மரையே கிடையாது. 41 மில்லிமீட்டர் துளையில் பேரிங் கப்பை இரண்டு பக்கமும் அழுத்தி ஏற்ற வேண்டும். துளையின் அளவு காட்டும் போர் கேஜ் விட்டுப் பார்த்தால் இடப்பக்கம் 40.98, சரி. வலப்பக்கம் ஒரு திசையில் 41.00, குறுக்கே 41.12. அதாவது வட்டமே இல்லை. சந்தேகத்தில் அலுமினியத்தில் 40.90-க்கு ஒரு தண்டு கடைந்து நுழைத்தேன். இடப்பக்கம் வெண்ணெயில் கத்தி போல் போனது, வலப்பக்க விளிம்பில் போய் இடித்து நின்றுவிட்டது. இரண்டு துளையும் ஒரே கோட்டில் இல்லை. இப்படி ஒரு பீஸை நான் பம்ப் கம்பெனிக்கு அனுப்பியிருந்தால் லாட் முழுவதையும் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

விற்றவருக்குப் படத்தோடு எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது. திருப்பி அனுப்பும் செலவு என்னுடையதாம், அடுத்த ஆர்டரில் 30 டாலர் குறைப்பார்களாம். கடைசியில், இரண்டு கப்பும் உள்ளே ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும் வகைப் பேரிங் செட் வாங்கி, லாக்டைட் பசை தடவி ஏற்றினேன். இன்றுவரை ஒரு கிறீச் சத்தம் இல்லை. ஆனால் லேத்தும் போர் கேஜும் இல்லாதவர் என்ன செய்வார்? அழுத்தி ஏற்றிவிட்டு, நான்கு மாதத்தில் சத்தம் வந்ததும் பேரிங்கைத் திட்டிக்கொண்டு புதிது வாங்குவார். அது போனதும் இன்னொன்று வாங்குவார்.

அதனால் என் யோசனை, மரை போட்ட ‘பிஎஸ்ஏ’ அளவு இருக்கும் ஃப்ரேமாகப் பார்த்து வாங்குங்கள். ஆமாம், நாம் சின்ன வயதில் ஏங்கிய பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் சைக்கிளின் அதே மூன்று எழுத்துதான், பர்மிங்காம் துப்பாக்கிக் கம்பெனியின் பெயர். வலப்பக்கம் இடது மரை என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஸ்டிக்கர் விஷயத்துக்குத் திரும்புகிறேன். பெயருள்ளவர்களும் தவறு செய்கிறார்கள். 2021-ல் ஸ்பெஷலைஸ்டு என்கிற சைக்கிள் கம்பெனி தன் டார்மாக் எஸ்எல்7 மாடலைத் திரும்ப அழைத்தது. ஹேண்டில்பார் திரும்பும் இடத்துப் பேரிங் செட்டான ஹெட்செட்டின் ஒரு வளையத்தால் ஃபோர்க் தண்டில் விரிசல் விழலாம் என்பது காரணம். அதே வருடம் கேன்யன் கம்பெனி, தன் ஏரோட் மாடலின் ஹேண்டில்பார் சரியில்லை, ஓட்டாதீர்கள் என்று வாங்கியவர்களுக்குச் சொன்னது. என் ஃப்ரேமில் நாளைக்கு அப்படி ஒரு குறை தெரிய வந்தால் யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள்? அளந்து பார்க்கவும் கூப்பிட்டுச் சொல்லவும் ஒரு ஆள் இருக்கிறார் பாருங்கள், அந்த ஆளின் சம்பளமும் அந்தப் பெரிய விலைக்குள் இருக்கிறது. பெயரில்லாததை வாங்கினால் அந்த வேலை நம் தலையில். இதைக் கட்டுரை ஒரு வரியில் சொல்லியிருக்க வேண்டும்.

வாங்குமுன் அந்த மாடலுக்கான ஐஎஸ்ஓ 4210 (சைக்கிளுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரம்) சோதனை அறிக்கையைக் கேளுங்கள். பெடல் மிதிப்பதுபோல் 1 லட்சம் முறை விசை கொடுத்துப் பார்ப்பதும் அந்தச் சோதனையில் உண்டு. நான் மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் பதிலே போடவில்லை, ஒருவர் வேறு ஏதோ ஃப்ரேமின் அறிக்கையை அனுப்பினார், மூன்றாமவரிடம் வாங்கினேன். அவர் ஃப்ரேமில்தான் துளை கோணல்! அறிக்கை வலுவைச் சொல்லும், உங்கள் கைக்கு வரும் பீஸைப் பற்றி அல்ல. அப்புறம், பெயரில்லாதது வேறு, பினரெல்லோ மாதிரிப் பெரிய பிராண்டின் பெயரைப் பொய்யாக ஒட்டியது வேறு. இரண்டாவது பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள்.

பூட்டும் வேலையில் இரண்டு விஷயம். நண்பர் ஒருவர் இதே மாதிரி ஃப்ரேமை ஒரு கடையில் கொடுத்திருந்தார். அந்தப் பையன் பழக்கதோஷத்தில், இரும்புத் தண்டுக்கு அடிக்கும் ஸ்டார் நட்டை கார்பன் தண்டுக்குள் சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டான். ஃபோர்க்கைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. கார்பனுக்கு உள்ளேயே விரிந்து பிடிக்கும் பிளக்தான். அடுத்தது, போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். எனக்கு உதவிக்கு வந்த சைக்கிள் மெக்கானிக், “அண்ணா, முப்பது வருசமா கை அளவுதான், ஒரு போல்ட் லூஸ் ஆனதில்ல” என்றார். வாஸ்தவம், லூஸ் ஆகாது. சீட் கிளாம்ப்பில் அவர் ‘கை அளவை’ ஒரு இரும்புக் குழாயில் வைத்துக் காட்டச் சொல்லி அளந்தேன், 11 நியூட்டன் மீட்டர். என் ஃப்ரேமில் எழுதியிருந்தது 5. இரும்பு வளைந்து காட்டிக்கொடுக்கும், கார்பன் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். இப்போது அவரே ஒரு ரெஞ்ச் வாங்கி வைத்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் அவசியம் அச்சிடுங்கள். பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும், நம் ஊர்க் கடைகளில் கிடைக்காது. ஃப்ரேம் ஆர்டர் செய்யும்போதே இரண்டு கூடுதலாகப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். போன மாதம் மருதமலை அடிவாரத்தில் நின்ற சைக்கிள் சாய்ந்ததில் ஒன்று வளைந்து போயிற்று. இப்போது கையிருப்பு ஒன்று.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கணபதி, கோவை-6