சாயக்கூலி ஏறுவது பற்றியும், அந்த வீடியோ பற்றியும்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

திருப்பூர்

அன்புள்ள பனியன் கம்பெனி முதலாளிகளுக்கும், ஷேடு வந்ததா என்று தினமும் போன் போடும் மெர்ச்சண்டைசர் தம்பி தங்கைகளுக்கும் வணக்கமுங்க.

வரும் ஒன்றாம் தேதி முதல் சாயக்கூலி கிலோவுக்கு எட்டு ரூபாய் ஏறுகிறது. இதை வழக்கம்போல பில்லின் அடியில் ஒரு வரியாக அச்சடித்து அனுப்பியிருப்போம். ஆனால் போன வாரம் உங்களில் பலருக்கு ஒரு வீடியோ வந்துவிட்டது. எங்கள் பட்டறை மதிலை ஒட்டிப் போகும் ஓடையில் தண்ணீர் ரத்தச் சிவப்பாக ஓடுகிறது, பின்னால் எங்கள் போர்டு தெரிகிறது. "ஆற்றில் விடுவதற்கா இவ்வளவு கூலி?" என்று யாரோ கீழே எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

அந்த வீடியோ எடுத்த செவ்வாய்க்கிழமை எங்களிடம் ஓடிய லாட்டுகள், அதாவது ஒரே தடவையில் சாயம் போடும் துணித் தொகுதிகள், எல்லாம் ரெஜிஸ்டரில் இருக்கின்றன. நான்கு மெஷினில் மூன்றில் வெள்ளை, ஒன்றில் இளஞ்சாம்பல். சிவப்பு கடைசியாக ஓட்டியது அதற்குப் பதினோரு நாள் முன்னால். பட்டறையிலிருந்து கழிவுநீர் வெளியே போக ஒரே ஒரு குழாய்தான் உண்டு. அது மீட்டர் வழியாக நேராகப் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. காலை ஆறு மணிக்கு ரீடிங் எடுத்து எழுதுவது என் கையால்தான். உள்ளே எடுத்த தண்ணீர், வெளியே அனுப்பிய தண்ணீர் இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். அந்தப் பக்கங்களின் நகலை இந்த மடலோடு வைத்திருக்கிறேன்.

வீடியோ வந்த மறுநாள் ஃபிட்டர் அண்ணனும் நானும் ஓடை வழியே மேற்கே நடந்தோம். கால்மணி நேரத்தில் ஒரு தகரக் கொட்டகை வந்தது. போர்டு இல்லை, கதவில் பூட்டு. பின்பக்கம் சீமைக்கருவேலத்துக்கு நடுவே கைத்தடிமன் பிளாஸ்டிக் குழாய் ஒன்று ஓடைக்குள் இறங்கியிருந்தது. குழாய் வாயில் இருந்த கல்லைத் தொட்டேன், விரல் சிவந்தது. ஜிப்பு, எலாஸ்டிக், சின்னச் சின்ன லாட்டுகளுக்குச் சாயம் போடும் இடம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். எழுத்தில் புகார் கொடுத்தோம். அதிகாரிகள் வந்து பார்த்தபோது கொட்டகை காலி. அண்டா, அடுப்பு எல்லாம் வேறெங்கோ போய்விட்டது.

என் மனக்குறை இதுதான். பதிவு செய்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை (அனுமதி) வாங்கி, மீட்டர் மாட்டி உட்கார்ந்திருப்பவனைச் சட்டம் லிட்டர் லிட்டராக எண்ணுகிறது. அப்படி எண்ண வேண்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. எண்ணிக்கைக்கே வராத கொட்டகையை எண்ண ஆளில்லை. அங்கே கிலோவுக்கு முப்பது ரூபாய் குறைத்துப் போடுகிறார்கள். சுத்திகரிப்புச் செலவு இல்லாத இடத்தில் அது முடியும். அந்த ரேட்டைக் காட்டி என்னிடம் பேரம் பேசுகிறீர்கள், அவர்கள் விட்ட தண்ணீரைக் காட்டி என்னையே திட்டுகிறார்கள்.

சட்டம் வேலை செய்யவே இல்லை என்று சொல்பவன் நானில்லை. சின்னம்மாவைக் கட்டிக் கொடுத்தது ஒரத்துப்பாளையம் பக்கம். 1992-ல் நொய்யல் ஆற்றின் குறுக்கே அங்கே அணை கட்டி முடித்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. சில வருஷத்தில் அணையில் தேங்கியது எங்கள் ஊர் சாயத்தண்ணீர். வயலுக்குத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கும்பிட்டுக் கேட்டார்கள். சின்னம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் கரிக்கும். பருப்பு வேகாது. தென்னை மட்டைகள் மஞ்சளாகித் தொங்கும்.

காரணம் உப்பு. பருத்தியில் சாயம் பிடிக்கக் கிலோ கணக்கில் உப்புப் போடுகிறோம், அடர் ஷேடு என்றால் இன்னும் அதிகம். துணியில் உப்பு தங்காது, அத்தனையும் தண்ணீரோடு போய்விடும். 1990-களில் கட்டிய சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை எடுத்தன, உப்பை எடுக்கவில்லை. கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று விதி இருந்தது. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது. இரண்டும் தாளில் இருந்தன, ஆறு அப்படியே செத்தது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் விதிக்கு உயிர் வந்தது. 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று கெடு வைத்தது. அதுவரை விடும் தண்ணீருக்கு லிட்டர் கணக்கில் அபராதம். 2009-ல் உச்சநீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. அப்போதும் நாங்கள் இழுத்தடித்தோம். 2011 ஜனவரி 28-ல் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

கரண்டை வெட்டிய அன்று எங்கள் மெஷினுக்குள் இருநூறு கிலோ நேவி புளூ ஊறிக்கொண்டிருந்தது. அப்பாவும் நாங்களும் வாளியில் மொண்டு மொண்டு அலசினோம். முழுக்கத் திட்டுத் திட்டாய்க் கறை. அந்தத் துணிக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கடிந்து பேசாமல், "மிஷின் ஓடும்போது சொல்லுங்க, லாட் அனுப்பறேன்" என்று சொல்லிப் போனார். சொன்னபடியே அனுப்பினார், இன்றும் அனுப்புகிறார். அவரைப் போல அந்த மாதங்களில் கணக்கை வேறு பக்கம் மாற்றாமல் காத்திருந்த ஒவ்வொருவரையும் நினைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். நீங்கள் இல்லாவிட்டால் இந்தப் பட்டறை இன்று கோழிப்பண்ணையாகியிருக்கும்.

அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது, பொது நிலையங்கள் ஒவ்வொன்றாக மறுபடி ஓடின. இப்போது எங்கள் கழிவுநீர் முதலில் நுண்ணுயிர்த் தொட்டிக்கும் அங்கிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. வடிகட்டிக்கும் போகிறது. பெரும்பங்கு நல்ல தண்ணீராகத் திரும்பி வருகிறது, அதிலேயே உங்கள் துணியை அலசுகிறோம். மிச்சமிருக்கும் உப்பு நீரை எவாபரேட்டரில் காய்ச்ச வேண்டும். செலவெல்லாம் அங்கேதான். நீராவிக்கு விறகு, மோட்டாருக்குக் கரண்ட், ஆர்.ஓ.வின் வடிகட்டும் சவ்வு (மெம்பரேன்) மாற்றப் பணம். மூன்றும் ஒரே வருஷத்தில் ஏறிவிட்டன, நிலையம் எங்களிடம் வாங்கும் கட்டணமும் ஏறிவிட்டது. எட்டு ரூபாயில் எங்களுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. காய்ச்சிய பிறகு சோடியம் சல்பேட்டை எடுத்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறோம். எதற்கும் ஆகாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறது. அதை என்ன செய்வது என்பதற்கு இன்னும் யாரிடமும் சரியான வழி இல்லை. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன ஐப்பசி மழையில் எங்கள் சேமிப்புத் தொட்டி ஒரு ராத்திரி வழிந்தது உண்மை. அதற்கு விதித்த தொகையைக் கட்டி, தொட்டிச் சுவரை இரண்டடி உயர்த்திவிட்டோம். வீடியோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வரும்போது எங்கள் இசைவாணை நகலைக் கேட்டு வாங்குகிறீர்கள், மகிழ்ச்சியாகக் கொடுக்கிறோம். அதே ஆர்டருக்கு ஜிப்பும் எலாஸ்டிக்கும் எங்கே சாயமேறி வருகின்றன என்று ஒரு தடவை கேளுங்கள். கொட்டகைக்குப் பின்னால் குழாயைத் தேடி அலைய அதிகாரிகளுக்கு ஆள் போதாது. ஆனால் அங்கே துணியும் சாமானும் அனுப்புகிறவர்களுக்கு அந்த முகவரி தெரியும்.

சந்தேகம் இருப்பவர்கள் எந்த நாளும், எந்த ஷிஃப்டிலும், சொல்லாமலே வரலாம். வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மீட்டரையும் ரெஜிஸ்டரையும் நானே எடுத்துக் காட்டுகிறேன்.

புது ரேட்டுப் பட்டியல் அடுத்த டெலிவரி சலானோடு வரும். கறுப்பு, நேவி, மெரூன் ஷேடுகளுக்கு டெலிவரி இரண்டு நாள் கூடும், ஐம்பது கிலோவுக்குக் குறைந்த லாட்டுகளை இப்போதைக்கு எடுக்க முடியவில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் லாட்டுகளுக்குப் பழைய ரேட்டுதான்.

இத்தனை வருஷம் எங்களை நம்பித் துணி அனுப்பியதற்கு மனமார்ந்த நன்றிங்க.

இப்படிக்கு,
உங்கள் சாயப்பட்டறைக்காரன்